குதிகால் தேய்த்த கல்

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் பெரிய படிப்பு படித்தவர்களுக்கு மாடி. அரவைக்காரருக்குக் கீழ்த்தளம். அதுவும் கட்டடத்தின் கோடியில், இரண்டு கதவு தாண்டி. காரணம் தூசி. ஒருவருடைய கல்லின் தூசி இன்னொருவருடைய கல்லில் போய் உட்காரக் கூடாது. சத்தமும் ஒரு காரணம். தாடை மிஷின் என்று ஒன்று உண்டு. இரண்டு இரும்புத் தாடைக்கு நடுவே கல்லைப் போட்டால் கடக் கடக்கென்று மென்று கீழே துப்பும். அதன் பக்கத்திலேயே நின்று நின்று அவருக்கு இடது காது பாதி போய்விட்டது. வீட்டில் மனைவி எதையாவது கேட்டால் "ஆங்?" என்பார்.

"வேலை சொன்னா மட்டும் கேக்காது. பக்கத்து வீட்ல டீ போடுற சத்தம் நல்லாக் கேக்கும்" என்பாள் அவள். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

அவருக்குப் படிப்பு ஏறவில்லை. வாலிபத்தில் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கும் குவாரியில் இருந்தார். அங்கே கல் என்றால் கல், அவ்வளவுதான். லாரி நிறைய வேண்டும், பேச்சு வேண்டாம். மிஷின் ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும் என்று இங்கே கூப்பிட்டார்கள், வந்தார். வந்த முதல் வாரத்தில் ஒரு கல்லை அரைத்த கையோடு அடுத்த கல்லைப் போட்டதற்கு வாங்கிய வசவு அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பிறகு பழகிக்கொண்டார். ஒரு கல் முடிந்ததும் மிஷினைக் கழற்ற வேண்டும். பிரஷ் போட்டு, காற்றடித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வெறும் வெள்ளை மணலை ஒரு தரம் அரைத்துக் கொட்டி, மறுபடியும் துடைக்க வேண்டும். அரைக்கிற நேரம் கொஞ்சம், கழுவுகிற நேரம்தான் அதிகம். பிறகு சல்லடை. பிறகு காந்தம் வைத்து ஒரு வகைத் துகளை ஒரு பக்கம் இழுப்பது. அதற்குப் பிறகு மாடிக்குப் போகும். கையில் மோதிரம் கூடாது, உலோகம் உரசிவிடும். ஆகவே கல்யாண மோதிரம் பெட்டியில் கிடக்கிறது.

"கல்லுக்குப் பயந்து மோதிரத்தைக் கழட்டின ஒரே ஆம்பளை எங்க வீட்ல இருக்காரு" என்று மனைவி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

அவர் அரைக்கும் கல்லெல்லாம் எரிமலைக் கல். மாடியில் அதை வாங்கிக்கொள்பவர் ஒரு மேடம். அரவைக்காரரைவிட வயதில் சின்னவர், ஆனால் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டால் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் மாதிரி இருப்பார். மலை வெடிப்பதற்கு முன்னால் அதன் வயிற்றுக்குள் இருந்த பாறைக்குழம்பு என்ன பாடுபட்டது, எப்போது வந்தது, எவ்வளவு காலம் சும்மா கிடந்தது என்று கல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் வேலை. கல் எப்படிச் சொல்லும் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது அரவைக்காரர் கேட்டார். மேடம் அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு குடும்பத்தைச் சொன்னார்.

எல்லாக் கல்லிலும் ஒரு துளி யுரேனியம் உண்டு. அவர் கொள்ளுத்தாத்தா. அவர் மெல்ல மெல்லத் தன்னையே அழித்துக்கொண்டு தோரியம் ஆவார். அந்த வம்சத்தில் பின்னால் ரேடியம் பிறக்கும். ரேடியத்துக்கு ரேடான் என்று ஒரு பிள்ளை. அது வாயு, வீடு தங்காது. அந்த ஊர்சுற்றிக்குப் பிறப்பது ஒரு வகைக் காரீயம். காரீயத்தின் வாரிசு பொலோனியம். ஒவ்வொருவரும் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்பது கணக்கு. ரேடியம் ஆயிரக்கணக்கான வருடம் தாங்கும். அந்தக் காரீயம் ஒரு தலைமுறை. பொலோனியத்துக்கு மாதக் கணக்குதான். ரொம்ப காலம் யாரும் தொந்தரவு செய்யாத கல்லில் இந்தக் குடும்பம் மொத்தமும் அவரவர் அளவில் அடங்கி ஒடுங்கி இருக்கும். மலைக்குள் ஏதாவது கலவரம் நடந்தால் குடும்பம் கலையும். யார் குறைகிறார்கள், யார் கூடுகிறார்கள் என்று எண்ணினால் என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று தெரியும்.

"அப்ப சண்டை நடந்த வீட்ல போயி தட்டு எண்ணிப் பாக்குற மாதிரி" என்றார் அரவைக்காரர்.

"அதேதான் அண்ணே" என்று மேடம் சிரித்தார்.

இப்படி மற்றவர்களின் மலைகளையே அரைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு, சொந்த வீட்டுக்குள்ளேயே ஒரு மலை வந்து சேர்ந்தது.

ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில் ஒரு மலை. அதன் அடிவாரத்தில் அவர் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே ஓட்டு வீடு, காய்கறித் தோட்டம், கொஞ்சம் கோழி. நல்ல உழைப்பாளி, அதைவிட நல்ல பிடிவாதக்காரர். அந்த மலை ரொம்ப காலம் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று ஒரு காலையில் இருமியது. சாம்பலும் கல்லும் கொட்டின. பெரிய சேதம் இல்லை. ஓடுதான் கொஞ்சம் உடைந்தது. ஆனால் அடிவாரத்து ஜனங்களை எல்லாம் இறக்கி, ரோட்டில் தடுப்புப் போட்டுவிட்டார்கள். தங்கையும் மாப்பிள்ளையும் அரவைக்காரரின் இரண்டு அறை வீட்டுக்கு வந்தார்கள். வரும்போது மாப்பிள்ளை ஒரு சாக்கையும் தோளில் போட்டு வந்தார். உள்ளே கல்.

"கூடத்துல கல்லு வேணும்னு ரேடியோவுல சொன்னாங்களே மச்சான். நம்ம வீட்டு முத்தத்துலயே எடுத்தது. நீயே அரைச்சுக் குடு."

அரவைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. தடுப்பு போட்டதால் கூடத்து ஜீப் இன்னும் மேலே போக முடியாமல் இருந்தது. முதல் கல் தன் குடும்பத்திலிருந்து வருகிறது. மறுநாள் காலையில் சாக்கிலிருந்த பெரிய கற்களை எடுத்துக்கொண்டு போய், உடைத்து, அரைத்து, சலித்து, மாடிக்கு அனுப்பினார்.

அன்றைக்கே வீட்டில் ஒரு பேச்சு நடந்தது. அடிவாரத்து ஆட்கள் சிலர் வர வெள்ளிக்கிழமை தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் திரும்பிப் போவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையும் போவதாகச் சொன்னார். தங்கை போ என்றும் சொல்லாமல், போகாதே என்றும் சொல்லாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தாள். அவளுக்கும் வீட்டு நினைப்புதான்.

"போனா திரும்பி வருவன்னு யாரு எழுதிக் குடுத்தா?" என்றார் அரவைக்காரர்.

"மச்சான், நான் பிறந்ததிலேருந்து அந்த மலையைப் பாக்குறேன். ஒரு இருமல் இருமிச்சு, சளி வெளிய போயிருச்சு. முடிஞ்சுபோச்சு."

"சளி போச்சா, நெஞ்சுல புதுசா கட்டியிருக்கான்னு எண்ணிப் பாத்துதான் சொல்லுவாங்க. அதுவரை இரு."

மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். "சரி. என் கல்லு என்ன சொல்லுதோ அதைக் கேட்டுக்கறேன். வேற எவன் சொன்னாலும் கேக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை மற்றவர்கள் போனார்கள். இவர் போகவில்லை. பேச்சுக்குக் கட்டுப்பட்ட மனிதர்.

ஆனால் போனவர்கள் அவரைச் சும்மா இருக்கவும் விடவில்லை. மேலே போன கூட்டாளி ஒருவன் போன் போட்டு, "உன் அவரைக் கொடி பூத்து நிக்குதுடா. உன் கோழி என் வீட்ல முட்டை வைக்குது. உன் கல்லு வாயத் தொறந்துச்சா?" என்று நக்கல் அடிப்பான். போனை வைத்துவிட்டு மாப்பிள்ளை வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். அந்த வீட்டில் நடக்க அதிக இடம் கிடையாது. நாலு எட்டில் சுவர் வந்துவிடும்.

கொஞ்ச நாள் கழித்து மேடம் கீழ்த்தளத்துக்கே இறங்கி வந்தார். அப்படி அவர் வருவது அபூர்வம். அரவைக்காரர் மிஷினை நிறுத்தி, நல்ல காதைத் திருப்பினார்.

"அண்ணே, இந்தக் கல்லை யாரு எடுத்தது?"

"நம்ம மாப்பிள்ளைதான் மேடம். சொந்தக் கையால."

"இது இந்தத் தடவை வந்த கல்லே இல்ல."

அரவைக்காரருக்குப் புரியவில்லை. மேடம் பொறுமையாகச் சொன்னார். மலையிலிருந்து குழம்பு வெளியே வரும்போது பொலோனியம் முழுவதும் வாயுவோடு சேர்ந்து பறந்துவிடும். ஆகையால் புதுசாக வந்த கல்லில் அது சுத்தமாக இருக்காது. பிறகு மாதக் கணக்கில் மெல்ல மெல்ல ஊறும். இந்தக் கல்லில் முதல் நாளே பொலோனியம் நிறைந்து கிடக்கிறது. குடும்பம் மொத்தமும் கலையாமல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. எந்தக் காலத்திலோ வந்து, முற்றத்தில் கிடந்த பழைய கல்.

அரவைக்காரருக்கு முகம் சுண்டிப்போனது. கனமான, வழுவழுப்பான சாம்பல் நிறக் கல். வேறு யாராவது கொண்டு வந்திருந்தால் அவரே ஒரு தரம் புரட்டிப் பார்த்து, எங்கே எடுத்தாய் என்று குடைந்திருப்பார். மாப்பிள்ளை கொண்டு வந்தார் என்பதால் பெருமையில் மிஷினில் போட்டுவிட்டார். இப்போது வீட்டுக்குப் போய் என்ன சொல்வது? கல் ஒன்றும் சொல்லாது என்றால், மாப்பிள்ளை கொடுத்த வாக்கு அத்தோடு தீர்ந்தது. விடிந்தால் ஒற்றையடிப் பாதை.

சாயங்காலம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாதவர், நேராகவே சொன்னார்.

மாப்பிள்ளை தட்டிலிருந்து கையை எடுத்தார். "பழைய கல்லா? மச்சான், முத்தம் பூரா தேடி, இருக்கறதுலயே நல்ல கல்லாப் பொறுக்கினேன். கழுவி, துணியால துடைச்சு எடுத்துட்டு வந்தேன்."

"நல்ல கல்லு எதுக்கு மாப்பிள்ளை? மேல இருந்து விழுந்த கல்லுதானே கேட்டாங்க?"

"அதையா? கருகருன்னு, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா, தொட்டா உதிருது. பெரிய ஆபீஸ்ல குடுக்கற சாமான். அந்தக் கண்றாவியக் குடுத்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

அரவைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தக் கண்றாவியில ஒண்ணாவது எடுத்துட்டு வந்திருக்கக் கூடாதா?"

"எடுத்தாந்தேனே" என்றார் மாப்பிள்ளை சாதாரணமாக. "நல்ல கல்லு ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காம இருக்க, இடையில இடையில அதைத்தானே திணிச்சு வச்சேன்."

அரவைக்காரர் மெல்லக் கேட்டார். "அது இப்ப எங்க?"

மனைவி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தன் காலை இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நல்லாத் தேய்க்குது அண்ணே" என்றாள் தங்கை. "குதிகால் வெடிப்பெல்லாம் போயே போச்சு. அண்ணிக்கும் குடுத்தேன்."

"எனக்கு மட்டுமா? இந்த வரிசை பூராத்துக்கும் ஆளுக்கொண்ணு குடுத்தா. நல்ல மனசு" என்றாள் மனைவி.

"அய்யோ, அதுல ஏதோ கதிர் வீசும்னியே அண்ணே! கால் அழுகிடுமா?"

"எல்லாக் கல்லுலயும் உண்டு. நீ சாஞ்சிருக்கற சுவத்துலயும் உண்டு. கால் ஒண்ணும் ஆகாது. நீ செஞ்ச வேலைக்கு நான்தான் காலால நடக்கணும்."

மறுநாள் விடுமுறை. அரவைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் குதிகால் கல் கேட்டார். இத்தனை வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை. சிலர் கொடுத்தார்கள். எதிர்வீட்டு டீச்சர் மட்டும் மல்லுக்கு நின்றாள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது எந்த ஊரு பழக்கம்? இந்தக் கால்ல இப்பதான் பாதி முடிஞ்சிருக்கு."

"டீச்சர், இது மலைக்கு வேணும்."

"மலைக்குக் குதிகாலா இருக்கு?"

சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். ஆனால் கிடைத்ததெல்லாம் சோப்புத் தண்ணீர் குடித்துத் தேய்ந்த துண்டுகள். வாடிப்போய் வீட்டுக்கு வந்தவர் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க, மனைவி முட்டுக் கொடுத்து வைத்திருந்தது ஒரு கருப்புக் கல். தேங்காய் அளவு. தண்ணீர் படாதது.

"அதையுமா? அப்ப ஜன்னலுக்கு?" என்றாள் மனைவி.

அவர் மாடிக்கு அனுப்பியிருந்த நல்ல கல்லில் மிஞ்சியது ஒன்று கீழ்த்தளத்தில் கிடந்தது. கருப்புக் கல்லைக் கொண்டுபோன அன்றே அதைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். அதற்கு அந்த வேலை பொருத்தமாகத்தான் இருந்தது.

மேடம் கருப்புக் கல்லின் கதையைக் கேட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். பிறகு வெளித்தோல் முழுவதையும் ரம்பத்தால் சீவி எறிந்துவிட்டு, நடு இதயத்தை மட்டும் அரவைக்காரரிடம் கொடுத்தார். அவர் மிஷினை வழக்கத்துக்கு இரண்டு மடங்கு கழுவினார். முதல் எண்ணிக்கையில் பொலோனியம் கிட்டத்தட்ட பூஜ்யம். புதுக் கல்தான்.

சிக்கல் இனிமேல்தான். பொலோனியம் ஊறுவதைத் தவணை தவணையாக எண்ண வேண்டும். ஊறுகிற வேகத்தைப் பார்த்துத்தான் அதைப் பெற்றெடுக்கிற காரீயம் எவ்வளவு என்று தெரியும். அதற்கு மாதங்கள் ஆகும். அவசரப்படுத்த முடியாது. மேடத்தாலும் முடியாது, மந்திரியாலும் முடியாது.

"கல்லை எண்ணவா இத்தனை மாசம்? நான் ஒரு லோடு எண்ணிருவேன்" என்றார் மாப்பிள்ளை.

"அது குட்டி போடுது மாப்பிள்ளை. போட்ட அப்புறம்தான் எண்ண முடியும்."

இது மாப்பிள்ளைக்குப் புரிந்தது. கோழி வளர்ப்பவருக்கு அடை காப்பது தெரியும். மழைக்காலம் வந்து போனது. மாப்பிள்ளை தெருக்கோடியில் காய்கறிக் கடையில் மூட்டை தூக்கினார். கூட்டாளி போன் போட்டான், அவரை காய்த்துவிட்டது என்றான், தானே பறித்துத் தின்றதாகவும் சொன்னான். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் தினமும் சாயங்காலம் அரவைக்காரர் செருப்பைக் கழற்றும் முன்னே மாப்பிள்ளை கேட்பார். "என்ன சொல்லுது?" "இன்னும் இல்ல." "சரி." அந்தச் சரியைச் சொல்லும் குரல் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் அவர் பையில் துணி அடுக்கியதைத் தங்கை பார்த்துவிட்டு அண்ணனிடம் சொன்னாள். அரவைக்காரர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசவில்லை. கூடவே போய் வாசலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். ரொம்ப நேரம் கழித்து மாப்பிள்ளை, "கொசு கடிக்குது, உள்ள போவோம்" என்றார்.

கடைசியில் மேடம் மாப்பிள்ளையையே கூட்டி வரச் சொன்னார். மாடியில், வெள்ளைச் சுவர் அறையில், மாப்பிள்ளை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க கல்லுல காரீயம் அதிகமா இருக்கு" என்றார் மேடம். "அந்த வீட்டு ரேடியத்துக்கு இத்தனை காரீயம் பிறந்திருக்க முடியாது. வெளியாள் பிள்ளைங்க. அதாவது கீழேருந்து அந்த ரேடான் வாயு மேல வந்துகிட்டே இருந்திருக்கு. வாயு வந்த இடத்துல காரீயத்தை விட்டுட்டுப் போயிருக்கு."

"கீழேருந்துன்னா?"

"அடியில புதுசா குழம்பு வந்து சேர்ந்திருக்கு. ரொம்ப காலம் ஆகல. பத்துப் பதினஞ்சு வருஷத்துக்குள்ள. இப்ப வெளிய வந்தது மேல கெடந்த பழசு. புதுசு இன்னும் உள்ளதான் இருக்குன்னு நான் நெனைக்கிறேன். மலையில வச்சிருக்கற மத்த கருவியும் அப்படித்தான் சொல்லுது."

"எப்ப வெளிய வரும்?"

"அது தெரியாது. நாளைக்கும் வரலாம், உங்க பேரப்பிள்ளை காலத்துலயும் வரலாம், வராமலும் போகலாம். கல்லு நடந்ததைத்தான் சொல்லும். நடக்கப் போறதைச் சொல்லாது. ஆனா தடுப்பை எடுக்க வேணாம்னு எழுதப்போறேன்."

மாப்பிள்ளை கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பதினஞ்சு வருஷம்னா, நாங்க கிணறு வெட்டின சமயம். அடியில ஒருத்தன் குடி வந்திருக்கான். எங்களுக்கு ஒரு சத்தம் கேக்கலையே."

இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். தெரு திரும்பும் இடத்தில் மாப்பிள்ளை நின்று, கூட்டாளிக்குப் போன் போட்டார். சண்டை மாதிரிதான் பேசினார். "இறங்கி வாடா... ஆமாடா, என் கல்லுதான் சொல்லுது... சிரிக்காத... நீ சிரிச்சாலும் சரி, நாளைக்கு ஆபீஸ் ஜீப்பு புதுக் கல்லு எடுக்க வருது, நானும் வர்றேன், அதுல ஏறி வா. வரலேன்னா உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

ஜீப் மேலே போனது. இப்போதுதான் கிடைத்த அனுமதியோடு தடுப்பைத் தாண்டிப் போனது. அரவைக்காரர் அன்று முழுக்க மிஷினை ஓட்டாமல் கழுவிக்கொண்டே இருந்தார். இருட்டுவதற்கு முன்னே ஜீப் திரும்பியது. பின்னால் சாக்குச் சாக்காகக் கருப்புக் கல், அதன் மேல் கூட்டாளி, அவன் மடியில் கோழிகள். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தானாம். வந்துவிட்டான், அதுதான் முக்கியம். மேலே இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வரவில்லை. மாப்பிள்ளைக்கு அந்த வருத்தம் இருந்தது.

தங்கை வாசலுக்கு வந்தாள். புருஷனின் தலையெல்லாம் சாம்பல்.

"வீடு எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றார் மாப்பிள்ளை. "உடைஞ்ச ஓட்டுக்குத் தகரம் போட்டு மூடினேன். கதவைப் பூட்டினேன்."

"தோட்டம்?"

"நல்லா இருக்கு. நம்ம இல்லாமலே நல்லா இருக்கு."

அழுவாளோ என்று அரவைக்காரர் பயந்தார், அழவில்லை. முந்தானையால் புருஷனின் தோளில் இருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள், அவர் நல்ல காது இருக்கும் பக்கமாக வந்து நின்றுகொண்டு கேட்டாள்.

"அண்ணே, பின் தெருவுல ஏதோ வீடு காலியா இருக்காமே. யாரைப் பாக்கணும்?"